மலையில் ஒரு நாள் எங்கே போகிறது? நேரக் குறிப்பேடு எழுதத் தொடங்குவோருக்கு

கொடைக்கானல் பக்கம் யாரைக் கேட்டாலும் ‘நேரமே போதவில்லை’ என்பார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியத்தில் அவர்களே ‘பொழுதே போக மாட்டேன் என்கிறது’ என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. மலையில் வேலையும் நெருக்குகிறது, காத்திருப்பும் நீளுகிறது. எது எவ்வளவு என்பதுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை. பால் கணக்கு, கூலிக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் எழுதிவைக்கிற வீட்டில் நேரக் கணக்கு மட்டும் இருப்பதில்லை.

அந்தக் கணக்கை எப்படித் தொடங்குவது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர், பூம்பாறையில் பூண்டு போடுபவர், ஊருக்குள் அறைகளை வாடகைக்கு விடுபவர், கீழிருந்து வந்து வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர் ஆகிய எல்லோரையும் மனதில் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால், வீட்டைத் தாங்கி நிற்கும் பெண்களை.

பொதுவாகச் சொல்லித்தரப்படும் முறைகளில் நம் ஊருக்கு மிகவும் தேவையான இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. ஒன்று, காத்திருந்த நேரத்தைத் தனியாகக் குறிப்பது. மற்றொன்று, ஒரு வேலையைச் செய்துகொண்டே செய்த இன்னொரு வேலையைக் குறிப்பது. இவை இரண்டும் இல்லாமல் எழுதப்படும் குறிப்பேடு, மலையில் வாழ்பவரின் நாளைப் பாதிதான் காட்டும்.

முதலில் ஒரு கேள்வி

நோட்டு வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள். ‘என் நேரம் எங்கே போகிறது?’ என்பது தொடங்குவதற்குப் போதாது, அது மிகப் பரந்த கேள்வி. ‘மாலையில் பிள்ளையுடன் உட்கார எனக்கு ஏன் முடியவில்லை?’, ‘தோட்டத்துக்குப் போகிற நாளில் உண்மையில் எத்தனை மணி நேரம் தோட்டத்தில் நிற்கிறேன்?’, ‘விருந்தினர் இல்லாத நாளிலும் ஏன் களைத்துப் போகிறேன்?’ என்பது போல உங்களை உண்மையாகவே உறுத்துகிற ஒன்றாக அது இருக்கட்டும். முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதுங்கள். பிறகு எதைக் குறிப்பது, எதை விடுவது என்ற குழப்பம் வரும்போது அந்தக் கேள்வியே வழி சொல்லும்.

நோட்டும் பென்சிலும்

ஸ்வெட்டர் பையிலோ இடுப்பிலோ செருகிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, இரண்டையும் போட்டுவைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. பேனா வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூடுபனியில் நமுத்துப்போன தாளில் மை ஊறிப் பரவும், மார்கழிக் குளிரில் பால்பாயிண்ட் சரியாக எழுதாது. பென்சிலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

செல்போன் செயலிகளில் டாகிள், கிளாக்கிஃபை போன்றவை பரவலாகப் பயன்படுபவை. ஒரு வேலையைத் தொடங்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும், முடித்ததும் மறுபடி அழுத்த வேண்டும். மேசையில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அவை நன்றாகப் பொருந்தும். மண் ஒட்டிய கையோடு பூண்டுப் பாத்தியில் நிற்பவருக்குப் பொருந்தாது. எழுதவே தயங்குபவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்ளலாம். குரல்பதிவாகக்கூட இருக்கலாம். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாவிட்டாலும், நீங்கள் அனுப்பிய நேரம் அதில் பதிந்திருக்கும். இரவில் பார்த்து நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

பக்கத்தை எப்படிக் கோடு போடுவது?

இந்த இடத்தில் ஒரு நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது, 2024-இல் மீண்டும் நடத்தியது. அதற்கும் முன்னால், 1998–99-இல் சோதனை முயற்சியாக ஆறு மாநிலங்களில் நடந்தபோது அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. 2019, 2024 கணக்கெடுப்புகளில் ஒரு நாள் என்பது காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 4 மணிக்கு முடிகிறது. நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டுக்குள் பத்து நிமிடமாவது செய்த வேலைகளில் மூன்று வரை குறித்துக்கொள்கிறார்கள்.

இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நள்ளிரவில் தொடங்கும் நாள் கடிகாரத்துக்குச் சரி. வாழ்க்கைக்கு 4 மணிதான் சரி. இரவு பன்னிரண்டரைக்குக் கடைசி விருந்தினருக்குக் கதவு திறந்துவிட்டவரின் வேலை அந்த நாளைச் சேர்ந்ததே, மறுநாளைச் சேர்ந்தது ஆகாது.

ஆகவே ஒரு நாளுக்கு எதிரெதிர் இரண்டு பக்கங்கள். மொத்தம் 48 வரிகள், நான்கு பத்திகள். முதல் பத்தியில் நேரம், இரண்டாவதில் என்ன செய்தேன், மூன்றாவதில் கூடவே என்ன செய்தேன், நான்காவதில் குறியெழுத்து. ஞாயிறு மாலை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கோடு போட்டுவிடுங்கள். தினமும் கோடு போட வேண்டியிருந்தால் மூன்றாம் நாளே சலித்துவிடும்.

குறியெழுத்துகள்

ஐக்கிய நாடுகள் சபையின் வகைப்பாட்டில் மனிதர் செய்யும் எல்லாக் காரியங்களும் ஒன்பது பெரும் பிரிவுகளுக்குள் வருகின்றன. சம்பள வேலை, சொந்தத் தேவைக்கான உற்பத்தி, வீட்டு வேலை, பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்வது, தன்னார்வப் பணி, படிப்பு, உறவும் ஊரும் வழிபாடும், பொழுதுபோக்கு, உறக்கமும் உணவும் உடல் பராமரிப்பும். அதில் பயணம் தனிப் பிரிவாக இல்லை. வேலைக்குப் போகும் பயணம் வேலைக்குள்ளும், படிக்கப் போகும் பயணம் படிப்புக்குள்ளும் அடங்கிவிடுகிறது. காத்திருப்புக்கும் தனி இடம் கிடையாது.

மலைக்கு அது ஒத்துவராது. நான் பரிந்துரைக்கும் எழுத்துகள் இவை. வ என்றால் வருமானம் தரும் வேலை. சொ என்றால் சொந்தத் தேவைக்கான உழைப்பு, அதாவது விறகு, தண்ணீர், மாடு, வீட்டுக் காய்கறிப் பாத்தி. வீ வீட்டு வேலை. பா பிறரைப் பார்த்துக்கொள்வது. போ போக்குவரத்து. கா காத்திருப்பு. ஊ உறவு, ஊர், கோயில், சங்கம். செ செல்போன், டிவி. உ உறக்கம், சாப்பாடு, குளியல். மாணவராக இருந்தால் ப சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் கூட்டாதீர்கள். எழுத்துகள் அதிகமானால் எதைப் போடுவது என்று யோசிப்பதே ஒரு வேலையாகிவிடும், யோசிக்க வைக்கும் குறிப்பேடு நிலைக்காது.

எப்போது எழுதுவது?

இரவில் படுக்கப் போகும்போது மொத்தமாக எழுதுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை மட்டும் செய்யாதீர்கள். மாலையில் நினைவுக்கு வருவது பெரிய வேலைகள் மட்டுமே. பதினைந்து நிமிடம் தீப்பெட்டியைத் தேடியது, கரண்ட் வருமா என்று வாசலில் நின்றது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தது எல்லாம் கரைந்துபோயிருக்கும். நாம் தேடுவதோ அந்தச் சில்லறை நேரங்களைத்தான்.

ஒரு நாளில் நான்கு இடங்களில் நின்று எழுதினால் போதும். அந்த நான்கையும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும் ஒன்று, பத்து மணித் தேநீரின்போது ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. கடைசியாகப் படுக்கும் முன் மீதி இருக்கும் சில வரிகள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அலாரத்தை அணைத்துவிட்டு மறந்துபோவது எளிது. தேநீரை யாரும் மறப்பதில்லை.

நினைவில்லாத அரைமணி வந்தால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர்ச் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல், வானம் இடம் கொடுத்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மேகம் மறைத்த நாட்களுக்குப் படம் இல்லை, அந்த இடத்தை யாரும் ஊகத்தால் நிரப்பவும் இல்லை. அதனால்தான் நூற்றாண்டைத் தாண்டிய அந்தத் தொகுப்பை உலகம் நம்புகிறது. உங்கள் நோட்டையும் நீங்கள் நம்ப முடிய வேண்டும். ‘ஏதோ வேலைதான் செய்திருப்பேன்’ என்று ஒரு வ போட்டு நிரப்பினால், வாரக் கடைசியில் கிடைக்கும் எண் பொய் சொல்லும்.

காத்திருப்பை எழுதுவது

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

சமவெளியில் காத்திருப்பு என்றால் சிக்னலில் ஐந்து நிமிடம், வரிசையில் பத்து நிமிடம். இங்கே அது நாளின் அமைப்பிலேயே கலந்திருக்கிறது. மன்னவனூர் பக்கமிருந்து ஊருக்கு ஒரு வேலையாக வருபவர், அந்த வேலை கால்மணியில் முடிந்தாலும், அடுத்த பஸ்ஸுக்காக அரைநாள் உட்கார நேரிடும். ஏப்ரல், மே மாதங்களில் வார இறுதி வந்தால் பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் ஊர்ந்து செல்லும். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமான பிறகும், சீசன் நாளில் ஊருக்குள் போய்த் திரும்புவதற்கு இவ்வளவு நேரம்தான் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. பாதையில் காட்டுமாடு நின்றால் அது நகரும்வரை நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காப்பிப் பழம் எடுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். மழை விடும்வரை ஷெட்டில் நின்றாக வேண்டும்.

இதையெல்லாம் ‘வேலை’ என்று எழுதினால் வேலை பெரிதாகத் தெரியும். ‘ஓய்வு’ என்று எழுதினால் உங்களுக்கு நீங்களே அநியாயம் செய்கிறீர்கள். நனைந்த சேலையோடு ஷெட்டில் நிற்பது ஓய்வு ஆகுமா? கா என்று எழுதுங்கள். அதோடு எந்த வகைக் காத்திருப்பு என்று ஓர் எண்ணையும் போடுங்கள்.

கா1 என்பது கையைக் கட்டிப்போடும் காத்திருப்பு. பஸ் நிறுத்தம், மழை, ஆஸ்பத்திரி வரிசை. எதுவும் செய்ய முடியாது.

கா2 கை ஓடும் காத்திருப்பு. காப்பிக் கொட்டையைக் களத்தில் காயப்போட்டுவிட்டு, ஒரு முறை கிளறியதற்கும் அடுத்து கிளறுவதற்கும் இடையில் இருக்கும் நேரம். விட்டுப் போக முடியாது, மேகம் கூடினால் தார்ப்பாய் போட வேண்டும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் வேறொன்று செய்யலாம்.

கா3 இன்னொருவர் வரவுக்காகக் காத்திருப்பது. ‘எட்டு மணிக்குள் வந்துவிடுவோம்’ என்று சொன்ன விருந்தினர் பதினொன்றுக்கு வருவது, பிளம்பர் வருவது, விளைச்சலை ஏற்றிப்போக லாரி வருவது. இதில் உடல் சும்மா இருக்கும், மனம் சும்மா இருக்காது. விருந்தினர் இல்லத்தை நடத்துபவர்கள் ‘ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் களைப்பாக இருக்கிறது’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றையும் பிரித்து எழுதினால்தான் எதை மாற்ற முடியும் என்பது தெரியும். கா1-இல் பெரும்பகுதி நம் கையில் இல்லை. கா2-ஐத் திட்டமிட்டுப் பயன்படுத்தலாம். கா3-ஐ ஒரு தொலைபேசி அழைப்பால் பாதியாகக் குறைக்கலாம்: வத்தலக்குண்டைத் தாண்டியதும் கூப்பிடச் சொன்னால் போதும், அதுவரை உங்கள் நேரம் உங்களுடையது.

‘கூடவே’ என்ற பத்தி

பண்ணைக்காட்டுப் பக்கம், காப்பித் தோட்டத்தில் பழம் எடுக்கப் போகும் ஒரு பெண்ணின் பக்கம் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்தது.

5.00–5.30: எழுந்தது, அடுப்பு மூட்டி வெந்நீர். வீ
5.30–7.00: சமையல். கூடவே: மகனை எழுப்பிப் படிக்க வைத்தது, மாமியாருக்கு மருந்து. வீ, பா
7.00–7.30: பிள்ளைகளைக் கிளப்பியது. பா
7.30–8.00: தோட்டத்துக்கு நடை. போ
8.00–10.30: பழம் எடுத்தது. வ
10.30–11.30: மழை, ஷெட். கா1
11.30–1.00: பழம் எடுத்தது. வ
1.00–1.30: சாப்பாடு. உ
1.30–4.00: பழம் எடுத்தது. வ
4.00–4.30: எடை போட வரிசை. கா1
4.30–5.30: வீட்டுக்கு நடை. கூடவே: விறகு பொறுக்கியது. போ, சொ
5.30–8.00: சமையல், பாத்திரம். கூடவே: வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தது. வீ, பா
8.00–9.30: டிவி. கூடவே: துணி மடித்தது, நாளைக்குப் பூண்டு உரித்தது. செ, வீ

மூன்றாவது பத்தியை மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். இந்தப் பெண் ஒன்றரை மணி நேரம் டிவி பார்த்தார் என்றுதான் தெரியும். மாமியாருக்கு மருந்து கொடுத்தது எங்கும் இல்லை, விறகு தானாக வீட்டுக்கு வந்துவிட்டது போலிருக்கும், பையன் தானாகப் படித்ததுபோலிருக்கும். பத்தியைத் திறந்து படித்தால், நாள் முழுவதிலும் இவருக்கென்று வெறுமனே இருந்த நேரம் சாப்பாட்டு அரைமணி மட்டுமே என்பது புரியும்.

2024 கணக்கெடுப்பின்படி, நாட்டில் கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் ஆறு வயதுக்குக் குறையாதவர்களில், பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் அது 299-உம் 97-உம். ஐந்தாண்டில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இந்த எண்கள் யார் வீட்டையும் குறித்து எழுதப்பட்டவை அல்ல. உங்கள் வீட்டு எண் என்ன என்பதைக் கணவனும் மனைவியும் ஒரே வாரத்தில் தனித்தனி நோட்டில் எழுதினால் கண்டுகொள்ளலாம். அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பரிந்துரைக்கிறேன். ஒரு நிபந்தனை உண்டு: ஒருவர் நோட்டை மற்றவர் வாரம் முடியும்வரை பார்க்கக் கூடாது.

அதோடு இன்னொன்று. இந்த நோட்டை அடுத்தவரைக் கண்காணிக்கப் பயன்படுத்தாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கோ மருமகளுக்கோ கல்லூரி போகும் பிள்ளைக்கோ நோட்டு வாங்கிக் கொடுத்து ‘எழுதிக் காட்டு’ என்று சொல்வது தவறு. பயந்து எழுதப்படும் கணக்கில் உண்மை இருக்காது, எழுதுகிறவருக்கு அது ஒரு தண்டனையாகவும் ஆகிவிடும். தன் நேரத்தைத் தானே எழுதுவதுதான் முறை.

வாரக் கடைசிக் கூட்டல்

ஒரு வாரத்துக்கு 336 அரைமணிகள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்வந்த பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை வரிகளில் வருகிறது என்று எண்ணுங்கள். ஒரே வரியில் இரண்டு எழுத்து இருந்தால் முதல் எழுத்தை மட்டும் இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டும். இரண்டாம் எழுத்துகளைத் தனியாகக் கூட்டி, பக்கத்திலேயே வேறு எண்ணாக எழுதுங்கள். காலிக் கட்டங்களையும் எண்ணுங்கள். எல்லாம் சேர்ந்து 336 வந்தால் கூட்டல் சரி. இரண்டால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைத்துவிடும்.

காலிக் கட்டங்கள் முப்பதைத் தாண்டினால் அந்த வாரத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், இன்னொரு வாரம் எழுதுங்கள். செ எழுத்தின் மொத்தத்தைப் போனோடு ஒப்பிடலாம். ஆண்ட்ராய்டு போனில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பகுதி அன்றாடம் எவ்வளவு நேரம் திரை எரிந்தது என்று காட்டும். நோட்டில் இருப்பதைவிடப் போன் காட்டும் எண் பெரிதாக இருந்தால், காத்திருப்புக்குள்ளும் சாப்பாட்டுக்குள்ளும் போன் புகுந்திருக்கிறது என்று பொருள். அடுத்த வாரம் அதைக் ‘கூடவே’ பத்தியில் பிடித்துவிடலாம்.

முதல் வாரத்தில் எதையும் மாற்ற முயலாதீர்கள். எழுதுகிறோம் என்ற உணர்வாலேயே சிலர் அந்த வாரத்தில் டிவியை நிறுத்திவிடுவார்கள், விடியலில் எழுந்துவிடுவார்கள். அது உங்கள் வழக்கமான வாரமாக இருக்காது. இரண்டாம் வாரம் அந்தப் பரபரப்பு அடங்கியிருக்கும், அதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவது ஒன்றே ஒன்று

இரண்டு வாரப் பக்கங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் எழுதிய கேள்விக்குத் திரும்புங்கள். பதில் பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. மாலையில் பிள்ளையுடன் உட்கார முடியாததற்குச் சமையல்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். வாரத்தில் மூன்று நாள் சின்னச் சின்னப் பொருள்களுக்காக ஊருக்குப் போய் வந்ததில் எட்டு மணி நேரம் போயிருக்கும். அப்படியானால் மாற்ற வேண்டியது சமையலை அல்ல. அந்த மூன்று பயணங்களை ஞாயிற்றுச் சந்தைப் பயணத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு வாரம் அப்படியே நடத்திப் பாருங்கள். அந்த நாட்களில் முழுக் குறிப்பேடு தேவையில்லை, மாற்றிய பகுதியை மட்டும் எழுதினால் போதும். மிச்சமான நேரத்தை உடனே இன்னொரு வேலையால் நிரப்பிவிடாமல், எதற்காகக் கேள்வி கேட்டீர்களோ அதற்கே கொடுங்கள்.

வீட்டில் இருவர் எழுதியிருந்தால், இரண்டு நோட்டையும் விரித்துவைத்து ஓர் அரைமணியை மட்டும் கைமாற்றிக்கொள்ளுங்கள். காலை 5.30 மணிச் சமையலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘மாமியாருக்கு மருந்து’ என்பதைக் கணவர் எடுத்துக்கொள்ளலாம். பார்க்கச் சிறியதுதான். ஆனால் அது தினமும் வருவது, அவருடைய அம்மாவுக்கானதும்கூட.

தொடர்ந்து ஆண்டு முழுவதும் எழுதத் தேவையில்லை. பருவம் மாறும்போது எழுதினால் போதும். காப்பிப் பழம் எடுக்கும் காலத்தில் ஒரு வாரம், ஏப்ரல்–மே சீசனில் ஒரு வாரம், ஆடி மாதக் காற்றிலும் சாரலிலும் ஒரு வாரம். பூண்டு போடுபவர்கள் நடவுக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் புதிய நோட்டின் முதல் பக்கத்தில், கேள்விக்குக் கீழே, முந்தைய பருவத்தின் மொத்தங்களை எழுதிவையுங்கள். கா1, கா2, கா3 மூன்றையும் மட்டும் சேர்த்து எழுதாமல், தனித்தனியே.